கூட வந்தவரையும் உள்ளே கூப்பிடுங்கள்: சர்க்கரை நோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் நோயாளி இல்லை. பதினாறு வருடமாகச் சர்க்கரை உள்ள ஒருவரின் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவள். உங்கள் அறைக்கு வெளியே ஃபைலையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே, அவர்களில் ஒருத்தி. "கூட வந்தவங்க வெளிய இருங்க" என்று சிஸ்டர் சொன்னதும் மறுபேச்சில்லாமல் எழுந்து போய்விடுவோம்.

என் வீட்டுக்காரர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவர் ஃபைலில் வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு, மூன்று மாதச் சராசரி எவ்வளவு, எல்லாம் இருக்கிறது. ராத்திரி பத்திலிருந்து விடியற்காலை ஐந்துவரை அந்த மனிதருக்கு என்ன ஆகிறது என்று ஒரு வரி கிடையாது.

நான் சொல்கிறேன். படுத்த பத்தாவது நிமிடம் குறட்டை. அது பழகிவிட்டது. திடீரென்று அந்தக் குறட்டை நிற்கும். வயிறு மட்டும் ஏறி இறங்கும், மூக்கில் காற்று வராது. இருட்டில் எண்ணுவேன். இருபது, இருபத்தைந்து. ஒரு தடவை நாற்பதைத் தொட்டதும் பயந்து தோளைப் பிடித்து உலுக்கினேன். தண்ணீருக்குள் மூழ்கி எழுந்தவர் மாதிரி ஒரு இழுப்பு, மறுபடி குறட்டை. காலையில் கேட்டால் "நல்லாத்தானே தூங்கினேன்" என்பார். பொய் இல்லை, அவருக்குத் தெரியவே தெரியாது. மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுந்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். மதியம் தராசில் பருப்பைக் கொட்டும்போதே கண் செருகும்.

அப்போது காட்டிய இடத்தில் "சுகர்னா அசதி இருக்கத்தான் செய்யும்" என்றார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று ராத்திரி மாத்திரையைக் கூட்டினார்கள். ஒரு நாள் சரக்கு வந்து இறங்கியதில் சாப்பாட்டை விட்டுவிட்டு, மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். இரண்டு மணிக்குத் தொட்டுப் பார்த்தால் பனியனைப் பிழியலாம், அப்படி வியர்வை. ஏதோ உளறல். மீட்டரில் சர்க்கரை 54, ரொம்பவே இறங்கியிருந்தது. எழுப்பி உட்கார வைத்து, விழுங்குகிறார் என்று தெரிந்த பிறகு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்து மறுபடி விரலைக் குத்திப் பார்த்தேன். அந்த ராத்திரியும் ஃபைலில் ஏறவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், நான்தான் வெளியே இருந்தேனே.

கடைசியில் நர்ஸாக இருக்கும் தங்கை மகள் சொல்லித்தான் தூக்கப் பரிசோதனைக்குப் போனோம். மணிக்கு 34 தடவை மூச்சு நிற்கிறது, இல்லையென்றால் குறைகிறது என்று வந்தது. "இவர் ஒல்லியாச்சே" என்று நானே கேட்டேன். நம் ஆட்களுக்குத் தாடை அமைப்பாலும் இது வருமாம், உடம்பு பெருத்திருக்க வேண்டியதில்லை.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. மூச்சு தடைப்படும்போதெல்லாம் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, உடம்பு பதறுகிறது, அந்தப் பதற்றத்தில் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. சர்க்கரை 180ஐத் தாண்டினால் சிறுநீரில் இறங்கித் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது, மனிதர் எழுந்து நடக்கிறார். 1999இல் சிகாகோவில் ஆரோக்கியமான இளைஞர்கள் 11 பேரை ஆறு ராத்திரி நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். ரத்தத்திலிருந்து சர்க்கரை இறங்கும் வேகம் 40 சதவீதம் குறைந்திருந்தது. நோயே இல்லாத பையன்களுக்கு அந்தக் கதி. அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவுச் சங்கங்கள் 2022இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் சாப்பாடு, நடையோடு தூக்கத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

நாட்டில் பத்து கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2023இல் வந்த ஆய்வு. அத்தனை பேருக்கும் வயர் மாட்டிப் பரிசோதிக்க முடியாது, உங்கள் ஓபி கூட்டத்தையும் பார்க்கிறவள்தான் நான். நான் கேட்பது ஒரு நிமிடம். துணைக்கு வந்தவரை உள்ளே கூப்பிட்டு, குறட்டை நடுவில் நிற்கிறதா, ராத்திரி வேர்க்கிறதா, எத்தனை தடவை எழுகிறார், கால் எரிகிறது என்று போர்வையை உதறுகிறாரா என்று கேளுங்கள். தனியாக இருப்பவரிடம் பகலில் கண் செருகுகிறதா என்றாவது கேளுங்கள். தூக்கம் வரவில்லை என்றதும் தூக்க மாத்திரை எழுதிவிட வேண்டாம். மூச்சுத் தடை இருந்தால் அது இன்னும் கெடுதல் செய்யலாம்.

இவருக்கு இப்போது காற்றழுத்த மெஷின், தூக்கத்தில் மூச்சுவழி மூடிக்கொள்ளாமல் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்புவது. நாற்பதாயிரத்துக்கு மேல் ஆனது, எல்லோராலும் முடியாது. முகமூடியோடு பார்த்துவிட்டுப் பேத்தி "தாத்தா யானை" என்றாள். மெஷின் வந்ததும் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிட்டது என்று சொன்னால் அது பொய், கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது. ஆனால் ராத்திரி ஒரு தடவைதான் எழுகிறார், மதியம் தராசு முன்னால் முழித்திருக்கிறார். கால் எரிச்சல்தான் இன்னும் விடவில்லை.

அடுத்த வாரம் எங்களுக்கு செக்கப். பதினான்கு ராத்திரிக்கு எப்போது எழுந்தார், எப்போது எரிந்தது என்று பேத்தியின் பழைய நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். உள்ளே வரச் சொன்னால் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள்