ஓட்டுக் கணக்கு: அப்பாவுக்கு ஒரு கடிதம்

ஹாரோ, லண்டன்
18.1.2026

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வி எழுதிக்கொள்வது. இங்கு நலம். நீங்கள், அம்மா, பெரியம்மா எல்லோரும் நலமா? மார்கழியில் நீங்கள் போட்ட கடிதத்துக்குத் தை பிறந்துதான் பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். குளிர் அதிகம்தான், ஆனால் இரண்டு ஸ்வெட்டர் போட்டால் ஹீட்டரே தேவைப்படுவதில்லை.

வீடு வீடாக ஓட்டுக் கேட்கிற விதம் பற்றி, நின்று பேசி மனதை மாற்றுவார்கள் என்று தம்பி அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து எடிசனிலிருந்து சொன்னதும், கேட்டுக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம் என்று நான் சொன்னதும் ஒட்டவில்லையே, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான் அப்பா. நானும் எடிசனில் இரண்டு வருஷம் இருந்தவள். வித்தியாசம் எல்லாம் வாக்காளர் பட்டியலில் இருந்து தொடங்குகிறது. நியூ ஜெர்சிப் பட்டியலில் ஒருவர் எந்தக் கட்சியில் பதிந்திருக்கிறார், எந்தெந்தத் தேர்தலில் வந்து ஓட்டுப் போட்டார் என்பதெல்லாம் இருக்கும். யாருக்குப் போட்டார் என்பது மட்டும் இராது. அதனால் அங்கே தொண்டர் கையில் வருவதே பொறுக்கியெடுத்த வீடுகளின் பட்டியல். ஒரு தெருவில் நாலு வீடு தட்டுவார்கள், பத்து வீட்டைத் தாண்டிப் போவார்கள். தட்டிய வீட்டில் நின்று பேசி மனதை மாற்றப் பார்ப்பார்கள். ஒரு காங்கிரஸ் தொகுதியில், அதாவது அவர்கள் நாடாளுமன்றத் தொகுதியில், ஏழரை லட்சம் பேருக்கு மேல் இருக்கும்போது வேறு வழியும் இல்லை.

இங்கே பட்டியலில் பெயரும் முகவரியும்தான். யார் எந்தக் கட்சி என்று தெரிய வேண்டுமானால் கதவைத் தட்டிக் கேட்டால்தான் உண்டு. எனவே தட்டுவதே கணக்கெடுக்கத்தான். கட்சித் தொண்டர்கள் நாலைந்து பேர் சேர்ந்து போவோம். பட்டியலைப் போனில் வைத்திருப்பவர் எந்த வீட்டையும் தட்டமாட்டார். வீட்டு எண்ணையும் பெயரையும் சொல்லி ஆளை அனுப்புவார், வருகிற பதிலை ஓர் எழுத்தில் பதிவார், அவ்வளவுதான் அவர் வேலை. மணி அடித்ததும் இரண்டு எட்டுப் பின்னால் வந்து நிற்க வேண்டும். கதவோடு ஒட்டி நின்றால் திறப்பவர் மிரண்டுபோவார். புல்தரையில் குறுக்கே நடக்கக் கூடாது, கேட்டைச் சாத்திவிட்டு வர வேண்டும். இன்ன கட்சியிலிருந்து வருகிறோம், இந்த முறை யாருக்குப் போடுவீர்கள், தபால் ஓட்டா நேரிலா, இவ்வளவே பேச்சு. புதிதாக வருபவர்கள் வாதாட நின்றுவிடுகிறார்கள். எதிர்க்கட்சிக்காரரிடம் பத்து நிமிஷம் போனால் நம் ஆள் இருக்கும் ஐந்து வீடு விட்டுப்போகும். இப்போது நாலு மணிக்கே இருட்டிவிடுவதால் சனி, ஞாயிறு பகலில்தான் போகிறோம். மே 7 அன்று உள்ளாட்சித் தேர்தல், வார்டுக்கு இரண்டு அல்லது மூன்று கவுன்சிலர்.

நோட்டீஸ் போடுவதிலும் அப்படித்தான். அமெரிக்காவில் தபால்பெட்டிக்குள் ஸ்டாம்பு ஒட்டாத தாள் எதையும் போடக் கூடாது, மத்தியச் சட்டம். அதனால் கதவுக் குமிழில் மாட்டுகிற மாதிரி ஓட்டை போட்ட அட்டை அடிக்கிறார்கள். இங்கே கதவிலேயே பித்தளை மூடி போட்ட தபால் துவாரம், உள்பக்கம் தூரிகை மயிர் அடைத்திருக்கும். நோட்டீஸை நீளவாக்கில் மடித்து, மரக்கரண்டியால் உள்ளே தள்ள வேண்டும். விரலை விட்டால் உள்ளே இருக்கும் நாய்க்குத் தெரியும். மரக்கரண்டி வித்தையைச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டுப் பாட்டி. அச்சடித்தவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் நோட்டீஸில் இல்லாவிட்டால் சட்டப்படி குற்றம். அதனால் அச்சுக்குப் போகுமுன் கடைசி வரியைத்தான் பாட்டி முதலில் படிப்பார்.

தேர்தல் அன்று அவர் வீட்டு முன்னறைதான் எங்கள் ஆபீஸ். நம்மூரில் வாக்குச்சாவடிக்கு நூறு மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது இல்லையா? இங்கேயும் வாசலில் ஓட்டுக் கேட்க முடியாது, ஆனால் கட்சி வண்ண ரிப்பன் பூ குத்திக்கொண்டு வாசலிலேயே நின்று, வருபவரிடம் பட்டியல் எண்ணைக் கேட்டுக் குறிக்கலாம். சொல்வதும் சொல்லாததும் அவர் இஷ்டம். அந்த எண்கள் முன்னறைக்கு வரும். நமக்கு என்று சொன்னவர்களில் வந்துபோனவர் பெயரை அடித்துவிட்டு, மீதிப் பேர் வீட்டை இரவு பத்து மணிவரை தட்டுவார்கள். ஓர் எண் விட்டுப்போனால் ஏற்கெனவே ஓட்டுப் போட்டவர் வீட்டை மறுபடி தட்டி, அவருக்குக் கோபம் வரும். லேபர் கட்சி வேட்பாளர் இயன் மிகார்டோ 1945இல் ரெடிங் நகரில் நின்றபோது இதற்கென்றே கார்பன் வைத்த தாள் கட்டு செய்தார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பிரதியைக் கிழித்துக் கொடுக்கலாம். எல்லாம் போனில் வந்த பிறகும் பாட்டி ஒரு கட்டு வைத்திருக்கிறார், சார்ஜ் தீர்ந்தால் வேண்டும் என்று.

இவ்வளவு கால்நடையும் எதற்கென்றால், இங்கே பணத்தால் செய்ய முடிவது குறைவு. எம்.பி. வேட்பாளர் பிரச்சாரக் காலத்தில் 11,390 பவுண்டும், நகரத் தொகுதியானால் வாக்காளருக்கு 8 பென்னியும்தான் செலவழிக்கலாம். 75,000 வாக்காளர் என்றால் மொத்தம் 17,390. நம்மூரில் 95 லட்சம் ரூபாய் வரை விடுகிறார்களே. டிவியில் கட்சி விளம்பரம் வாங்கவே முடியாது. அமெரிக்காவில் 1976லேயே உச்ச நீதிமன்றம் செலவு உச்சவரம்பை ரத்து செய்துவிட்டது. பக்கத்துத் தொகுதி ஹெண்டனில் 2024இல் வித்தியாசம் 15 ஓட்டு, அப்பா. ஒரு தெருவில் இரண்டு மணி நேரம் நடந்தால் கிடைக்கிற ஓட்டு அது.

அமெரிக்காவிடமிருந்து இங்குள்ளவர்கள் கற்றதும் உண்டு. சிகாகோவில் சால் அலின்ஸ்கி என்பவர் தொடங்கிய மக்கள் அமைப்பு வழி வந்தவர்கள், தேவாலயம், சங்கங்களை ஒன்றாகக் கட்டி, பால்டிமோரில் 1994இல் வாழ்வூதியச் சட்டம், அதாவது பிழைக்கப் போதுமான கூலிக்கான சட்டம், வாங்கினார்கள். அதே முறையில் 2001இல் கிழக்கு லண்டனில் தேவாலயமும் மசூதியும் பள்ளியும் சேர்ந்து இயக்கம் தொடங்கி, கேனரி வார்ஃப் என்ற அலுவலக வட்டாரத்து வங்கிகளில் இரவில் துப்புரவு செய்பவர்களுக்குக் கூலி உயர்வு வாங்கித் தந்தார்கள். கூட்டம் போடும் முன்னால் ஒவ்வொருவரோடும் அரைமணி தனியாக உட்கார்ந்து, அவருக்கு எது வலிக்கிறது என்று கேட்பதுதான் அவர்கள் முறை. எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது.

எனக்கு இங்கே ஓட்டு உண்டு என்று சொன்னால் பெரியம்மா நம்பமாட்டார். காமன்வெல்த் நாட்டவர் முறையான விசாவில் குடியிருந்தால் பதிந்துகொள்ளலாம், சாவடியில் நம் பாஸ்போர்ட்டையே அடையாளமாகக் காட்டலாம். தம்பிக்குக் கிரீன் கார்டு இருந்தும் ஓட்டு இல்லை. அங்கே மளிகைக்கடை வாசலில் படிவத்தோடு நிற்பவர்களிடம், குடிமகன் என்ற கட்டத்தில் தெரியாமல் டிக் போட்டுவிட வேண்டாம் என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நாடு கடத்தல் வரை போகும்.

போன வாரம் ஒரு வீட்டில் கதவு திறந்ததும் கடுகு, கறிவேப்பிலை தாளிக்கிற வாசம். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். நான் கட்சிப் பெயரைச் சொல்லுமுன், "சாப்பிட்டாச்சோ பிள்ளை?" என்றார். கேட்க வேண்டிய கேள்வி எதுவும் வாயில் வரவில்லை. நம் வீட்டுத் திண்ணையும், மத்தியானம் அம்மா ரசம் தாளிக்கும் சத்தமும் அப்படியே கண்முன் வந்துவிட்டது.

சரி, வீட்டு விஷயம். வாக்காளர் திருத்தப் பட்டியலில் பெரியம்மா பெயர் விட்டுப்போயிற்று என்று எழுதியிருந்தீர்கள். ஊர் பட்டியல் முழுவதும் மனப்பாடமாக வைத்திருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் பெயர் சேர்க்கிற படிவம் 6ஐ இன்றே கொடுத்துவிடுங்கள். பெயர் ஏறிய பிறகு, அவருக்கு 85 தாண்டிவிட்டதால் வீட்டிலிருந்தே ஓட்டுப் போட 12டி படிவம் உண்டு. தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் தர வேண்டும், தவறவிடாதீர்கள். வடக்கு வரப்பை அளக்க சர்வேயர் வரும்போது சித்தப்பாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், பிறகு பேச்சு வரக் கூடாது. அம்மாவின் கண் ஆபரேஷனை அறுவடை வரை தள்ள வேண்டாம். இந்த மாதப் பணம் அடுத்த மாதம் பத்தாம் தேதிக்கு மேல்தான் வரும், கவலைப்பட ஒன்றுமில்லை. ஆபரேஷனுக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள், தம்பியிடம் இப்போது கேட்க வேண்டாம்.

அன்பு மகள்,
செல்வி