மறைக்கச் சொல்லிக் கேட்கும் படிவங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழிற்கல்வி மாணவர்களின் உடற்தகுதி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செவிலியர், ஆசிரியர், ஆய்வக டெக்னீஷியன் போன்ற படிப்புகளில் சேர்கிறவர்கள் தங்கள் குறைபாட்டை மறைத்துவிடுகிறார்கள், அதனால் நோயாளிக்கும் குழந்தைக்கும் ஆபத்து, ஆகவே மறைப்பவர்களைப் படிப்பிலிருந்தே நீக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆபத்து இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். செவிலியர் மாணவிகளுக்கு வார்டில் பயிற்சி கொடுத்தே பணிக்காலத்தைக் கழித்தவள் நான். ஆனால் பிள்ளைகள் ஏன் மறைக்கிறார்கள் என்று கட்டுரையாளர் ஓரிடத்திலும் கேட்கவில்லையே!

சேர்க்கைப் படிவத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். 'எனக்கு எந்த உடல், மனக் குறைபாடும் இல்லை என உறுதியளிக்கிறேன். இது தவறெனத் தெரிந்தால் சேர்க்கையை ரத்து செய்யலாம்' என்ற ரீதியில் ஒரு வரி, கீழே கையெழுத்துக்கு இடம். 'உண்டு' என்று எழுதினால் என்ன ஆகும், அதை யார் படிப்பார்கள், எந்தக் கோப்பில் கிடக்கும் என்பதற்கெல்லாம் பதில் கிடையாது. மார்க் எடுத்து, சீட்டும் கைக்கு எட்டுகிற நேரம். பக்கத்தில் நிற்கும் அப்பா, "எதுக்கும்மா வம்பு, இல்லைன்னே போடு" என்கிறார். அவளும் போட்டுவிடுகிறாள்.

அப்படிப் போட்ட ஒரு பெண் என் வார்டுக்கு வந்தாள். ரத்த அழுத்தம் பார்க்கும் முறையில் குறை சொல்ல முடியாது. பட்டையைச் சரியான இடத்தில் சுற்றுவாள், காற்றை நிதானமாக இறக்குவாள். சார்ட்டைப் பார்த்தால்தான் இடிக்கும். சிறுநீரகக் கோளாறுள்ள பெரியவர் முதல் முந்தின நாள் ஆபரேஷன் ஆனவர் வரை ஏறக்குறைய எல்லாருக்கும் 120/80. பக்கத்தில் நின்று கவனித்தேன். ஸ்டெத் காதில் இருக்கிறது, கண் மட்டும் டயல் முள்ளை விட்டு நகரவில்லை. முள் துடிக்கத் தொடங்கும் இடத்தை வைத்து மேல் அளவை ஊகிக்கிறாள். கீழ் அளவு முழுக்கவே உத்தேசம். தனியாக உட்காரவைத்துப் பேசியபோதுதான், சின்ன வயதிலிருந்தே இரண்டு காதும் மந்தம், உதட்டசைவைப் பார்த்தே காலம் தள்ளுவதாகச் சொன்னாள். (மாஸ்க் போட்ட டாக்டர் சொல்வது அவளுக்கு எட்டாது. 'கவனக்குறைவு' என்று ரெக்கார்டில் பெயர் வாங்கியதும் இதனால்தான்.) ஒலியைப் பெருக்கித் தரும் எலெக்ட்ரானிக் ஸ்டெதாஸ்கோப் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தோம். அன்று அவள் ஒரு அம்மாவுக்கு 168/102 என்று எழுதினாள். நானும் பார்த்தேன். சரியாகவே இருந்தது.

கட்டுரையாளரின் யோசனைப்படி இந்தப் பெண்ணைப் பொய் உறுதிமொழிக்காக வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். நிர்வாகத்திலும் ஒருவர் அதைத்தான் சொன்னார். அனுப்பியிருந்தால் அவளுக்குப் பின் வந்தவர்கள் பாடம் கற்றிருப்பார்கள், இன்னும் கெட்டியாக மறைக்க!

நம் நாட்டு விதிகளும் பிள்ளைகளை நம்பவைக்கும்படி இருந்ததில்லை. 2019இல் வந்த விதிப்படி, பேச்சு, மொழிக் குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் எம்பிபிஎஸ் படிக்க முடிந்தது, மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு கிடைக்கவில்லை. 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் ஒதுக்கீட்டுக்கான வரம்பைத் தொட்டுவிடுவார், ஆனால் படிப்புக்கே தகுதி இல்லாமல் போனது! 44-45 சதவீதம் என்று அளவிடப்பட்ட ஒரு மாணவரின் வழக்கில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. சதவீதத்தை மட்டும் காட்டி யாரையும் தள்ளக்கூடாது, அந்தக் குறைபாடு இந்தப் படிப்புக்குத் தடையாக இருக்குமா என்பதை மதிப்பீட்டு வாரியம் காரணத்தோடு பதிவு செய்ய வேண்டும் என்றது. 2025 பிப்ரவரியில், மருத்துவம் படிக்க இரண்டு கைகளும் முழுமையாக இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையையும் ஏற்க மறுத்தது. தேவைக்கேற்ற வசதி செய்து தருவதை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் வாசலில் நடக்கும் சண்டை. உள்ளே நுழைந்த பிறகு பிள்ளை யாரிடம் போய் வாய் திறப்பாள்?

பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகள் உரிமை ஆணையம் செவிலியர், ஆசிரியர், சமூகப் பணி ஆகிய மூன்று துறைகளை விசாரித்து 2007இல் அறிக்கை கொடுத்தது. பொத்தாம்பொதுவான உடல்நலத் தகுதி விதிகள் பொதுமக்களைக் காப்பதில்லை, உண்மையைச் சொல்ல வருபவர்களைத்தான் பயமுறுத்துகின்றன என்று கண்டு, அவற்றை நீக்கச் சொன்னது. அங்கே மருத்துவ மாணவர்களுக்கான வழிகாட்டுதலும், நோய் இருப்பதையே குற்றமாகப் பார்ப்பதில்லை. உதவி தேடாமல் இருப்பதையும் மருத்துவ ஆலோசனையை மீறுவதையுமே கேள்வி கேட்கிறது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

சரி, எதையும் விட்டுக்கொடுக்கலாமா? கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவரை சிக்னல் பார்த்து ரயில் ஓட்டவிட முடியாது. வலிப்பு கட்டுக்குள் வராதவர் லேத் இயந்திரத்தின் முன்னால் நிற்கக் கூடாது. ரத்த அழுத்தத்தைச் சரியாக அளக்கத் தெரியாதவர் நர்ஸ் ஆகவும் கூடாது. ஆனால் அளப்பது வேறு, காதால் கேட்டு அளப்பது வேறு. முதலாவது தொழிலின் தேவை. இரண்டாவது ஒரு வழிமுறை, அவ்வளவுதான். பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்திலும் இந்த வேறுபாடு உண்டு: திறன் அளவுகோலைத் தளர்த்த வேண்டியதில்லை, அந்தத் திறனைச் சோதிக்கும் விதத்தை மாற்றிக்கொடுக்க வேண்டும். நம் கல்லூரிகள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் 'அன்ஃபிட்' என்று எழுதுகின்றன.

என்னைக் கேட்டால், சீட் உறுதியான பிறகுதான் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டும். இந்தப் படிப்பில் இரவு டியூட்டி உண்டு, நோயாளியைத் தூக்கிப் புரட்ட வேண்டியிருக்கும், பெயர் ஒன்றுபோல ஒலிக்கும் மருந்துகளைப் பிரித்தறிய வேண்டும் என்று வேலையை விவரித்துவிட்டு, 'உங்களுக்கு என்ன ஏற்பாடு தேவைப்படும்?' என்று கேட்கலாம். கேட்பவர் சேர்க்கைக் குழுவிலோ மார்க் போடும் இடத்திலோ இருக்கக் கூடாது. வார்டு சிஸ்டருக்கு ஏற்பாடு என்ன என்று தெரிந்தால் போதும், நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை. தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் பெண்ணுக்குத் தொடர் இரவு டியூட்டி போடாதீர்கள் என்பதற்கு டயக்னோசிஸ் எதற்கு? மனநலப் பிரச்சினைக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். பெயர் வெளியே வந்துவிட்டால் அப்புறம் அவர்கள் செய்யும் ஒவ்வொரு சிறு தவறும் அந்தக் கணக்கிலேயே எழுதப்படும். அப்புறம், ஒரு தடவை கேட்டுவிட்டுப் படிவத்தைக் கட்டிவைத்தாலும் போதாது. இரண்டாம் வருடத்தில் முதுகு போகலாம், மூன்றாம் வருடத்தில் மனச்சோர்வு வரலாம்.

இந்தப் பொருளில் மறுபடி எழுதுவதாக இருந்தால், தங்கள் நிருபர் கல்லூரிகளிடம் ஒன்று விசாரிக்கட்டும்: குறைபாடு 'உண்டு' என்று எழுதியவர்களில் எத்தனை பேரைச் சேர்த்துக்கொண்டீர்கள், அவர்களுக்கு என்ன செய்து கொடுத்தீர்கள்? வருகிற பதிலை அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியப் பயிற்றுநர்