மூன்று பேருக்கு இரண்டு இலை: சுங்கை சிப்புட் உணவக உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியா, பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டப்புறங்களிலும் உணவகம் நடத்தும் பெரியவர்களுக்கும், ஒட்டுக்கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

நான் இந்த ஊர் ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவள். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஈப்போவில், ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். 11 வயது மகனையும் 6 வயது மகளையும் நான்கு ஆண்டுகளாகத் தனியாக வளர்த்து வருகிறேன். மாலை ஏழு மணிக்குமேல் வரும் எங்களைப் போன்ற சிறு குடும்பத்துக்குச் சோறும் இரண்டு மரக்கறியும் கிடைக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பாதிச் சாப்பாடு பாதி விலையில் கிடைக்க வேண்டும் என்று உங்களிடம் கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

நன்றாகச் சாப்பிடுவதில் எனக்கு ஆசை அதிகம். அதைச் சொல்ல நான் கூச்சப்படவில்லை. அந்த ஆசையை எனக்குத் தந்தவர் என் அம்மா. விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் பெயர் கொடுக்க, போகும்போது எங்களைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, காலையில் பசியாறுவதற்குப் பழைய சோற்றையும் நெத்திலிச் சம்பலையும் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார். ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியதும் விறகடுப்பில் அவர் வைக்கும் கருவாட்டுக் குழம்பும், லயத்து வீட்டு வேலியோரம் பறித்த முருங்கைக்கீரைப் பொரியலும் இன்றும் என் நாக்கில் இருக்கின்றன. ஆனால் அந்த வீட்டில் அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்ததே இல்லை. அப்பாவுக்கும் எங்களுக்கும் பரிமாறி முடித்து, சட்டியில் மிஞ்சியதை அடுப்படியில் குந்தியபடி சாப்பிடுவார். மீன் துண்டு மிஞ்சிய நாள்கள் குறைவு.

நான் என் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட விரும்புகிறேன். என் வீட்டில் வேலை நாள்களில் அது எளிதன்று. ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தால், சோறு வெந்து இறங்குவதற்குள் மகனுடைய வீட்டுப்பாடத்தைப் பார்க்க வேண்டும். மகளைக் குளிப்பாட்ட வேண்டும். மறுநாளுக்கான பள்ளிச் சட்டைகளைத் தேய்க்க வேண்டும். திங்கட்கிழமை சார்டின் டின்னை உடைத்துப் பெரிய வெங்காயமும் தக்காளியும் போட்டுப் பிரட்டுவேன். செவ்வாயன்று சாம்பாரும் அப்பளமும். அடுத்த நாள் முட்டைக் குழம்பு, அதோடு பூண்டு தட்டிப் போட்டு வதக்கிய கங்கோங் கீரை. வியாழனன்று மிஞ்சிய சோற்றில் இக்கான் பிலிஸ் என்னும் நெத்திலியைச் சேர்த்து, நாசி கோரெங் என்னும் பிரட்டிய சோறு செய்வேன். அதற்காகவே என் மகள் வியாழக்கிழமையை எண்ணிக்கொண்டிருப்பாள். இவற்றில் எதையும் நான் குறைவாக நினைக்கவில்லை. பிள்ளைகள் விரும்பித்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் அவர்கள் உண்ணும்போது நான் அடுப்பருகில் நிற்கிறேன், அல்லது துணியை அலசுகிறேன். எனக்கான தட்டை எடுக்கும்போது மகள் தூங்கிவிடுகிறாள். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து என் அம்மாவின் இடத்திலேயே நானும் நிற்கிறேன் என்பதைக் கடந்த ஆண்டுதான் உணர்ந்தேன்.

அதனால்தான் வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை, மூவரும் வெளியே சாப்பிடுவது என்று முடிவு செய்தோம். அன்று நான் எழுந்து எதையும் எடுக்க வேண்டியதில்லை. மகன் பள்ளியில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினால் முடிக்கும்வரை கேட்கிறேன். ரசத்தைக் கையில் வாங்கிக் குடிக்க மகளுக்குக் கற்றுக்கொடுத்ததும் அப்படியொரு வெள்ளிக்கிழமையில்தான். பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகலாமே என்று சிலர் சொல்கிறார்கள். தட்டு கழுவும் வேலையும் மேசை துடைக்கும் வேலையும் அப்போது என்னோடு வீட்டுக்கு வந்துவிடுகின்றன.

வெள்ளிக்கிழமை இரவில் எங்களுக்குக் கிடைப்பது என்ன என்பதை நீங்கள் அறிவீர்கள். வாழையிலைச் சாப்பாடு பெரும்பாலான கடைகளில் மூன்று, நான்கு மணியோடு முடிந்துவிடுகிறது. அதன்பிறகு ரொட்டி சானாய், தோசை, மீ கோரெங் என்னும் பிரட்டிய நூடுல்ஸ், பொரித்த கோழி. இவையெல்லாம் எனக்கும் பிடித்தவைதாம். நன்றாக வீசிப் போட்ட ரொட்டியைப் பருப்புக் குழம்போடு சாப்பிடும் சுகத்தை நான் மறுக்கமாட்டேன். ஆயினும் நாள் முழுவதும் தொழிற்சாலையில் நின்றுவிட்டு வருபவளுக்கும், காலையில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மீ சாப்பிட்ட பிள்ளைகளுக்கும், இரவில் ஒரு பிடி சோறும் ஒரு பயற்றங்காய்ப் பொரியலும் தேவைப்படுகின்றன. நண்பகலில் சமைத்ததை இரவுவரை வைக்கச் சொல்லவில்லை. மாலையில் ஒரு சிறு பானைச் சோறு, ஒரு பருப்பு, ஒரு கீரை, முடிந்தால் ஒரு மீன் குழம்பு, அவை எட்டரை மணிவரை இருந்தால் போதும். ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குப் போனால் இவையெல்லாம் கிடைக்கும். ஆனால் வேலை முடிந்து வந்த வழியே மறுபடியும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக என்னால் முடியாது. என் ஊரில் சாப்பிடவே எனக்கு விருப்பம்.

அடுத்தது பாதிச் சாப்பாடு. சில மாதங்களுக்குமுன், சம்பளம் கிடைத்த மறுநாள் சனிக்கிழமை நண்பகலில், ஒரு கடையில் மூவரும் உட்கார்ந்து இரண்டு இலைச் சாப்பாடு கேட்டேன். மகள் என் இலையிலிருந்து நான்கு வாய் வாங்கிக்கொள்வாள் என்று சொன்னேன். கடைக்காரர், ஆளுக்கு ஓர் இலை என்பதுதான் கடை வழக்கம் என்று கூறி, அவள் முன்னும் ஓர் இலையைப் போட்டார். அவள் அப்பளத்தையும் இரண்டு பிடிச் சோற்றையும் சாப்பிட்டாள். மற்றதை இலையோடு மடித்தபோது என் மகன், "அம்மா, இது வீணாகுதே" என்றான். அந்த விலையைவிட அவனுடைய அந்தச் சொல்தான் எனக்கு வலித்தது. சோற்றைக் கீழே சிந்தக் கூடாது என்று தினமும் அவனுக்குச் சொல்பவள் நான்.

அந்த வழக்கத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. சோறும் மரக்கறியும் கேட்கக் கேட்கப் போடும் சாப்பாட்டில் ஓர் இலையை இருவர் பகிர்ந்தால் உங்களுக்கு நட்டம் வரும். உங்கள் செலவு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் அறிவேன். 2023-இல் இந்தியா புழுங்கலரிசி ஏற்றுமதிக்கு 20 விழுக்காடு வரி விதித்தபோது பொன்னி அரிசி விலை ஏறியதை நானும் கடையில் பார்த்தேன். அதே ஆண்டு நவம்பர் 1-இல் கோழிக்கான அரசாங்க உதவித்தொகை நின்றது. 2025 ஆகஸ்டில் முட்டைக்கும் நின்றது. குறைந்தபட்ச ஊதியம் 1,700 ரிங்கிட் ஆனது என்னைப் போன்ற தொழிலாளிக்கு நல்ல செய்தி. உங்களுக்கு அது கூடுதல் செலவு. ஆகவே இலவசம் எதையும் கேட்கவில்லை. சிறிய இலை, ஒருமுறை மட்டும் பரிமாறும் சோறு, காரம் குறைந்த ஒரு குழம்பு, ஓர் அப்பளம், பெரியவர் விலையில் பாதி. மறுபடியும் கேட்டால் அதற்குத் தனி விலை வையுங்கள். இந்த அளவை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால், பரிமாறும் தம்பிகளுக்கும் எங்களுக்கும் இடையே பேச்சுவார்த்தை தேவைப்படாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் பிள்ளைகளோடு உட்கார்ந்ததும், "அண்ணன் பின்னால வர்றாராக்கா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர் மனத்தில் தீங்கில்லை. நாற்காலி போடுவதற்காகவே கேட்கிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் என் மகன் தலையைக் குனிந்துகொண்டு மேசைத் துணியைப் பார்க்கிறான். "எத்தனை பேர்?" என்று கேட்டால் போதும். மூன்று என்று அவனே சொல்வான்.

புகைபிடிப்பவர்களைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. 2019 ஜனவரி 1 முதல் உணவகங்களில் புகைபிடிக்கத் தடை இருக்கிறது; 3 மீட்டர் தள்ளித்தான் புகைக்க வேண்டும். கடை முன்னுள்ள ஐந்தடி நடைபாதையில் போட்டிருக்கும் வெளிமேசைகளில் இரவு எட்டு மணிக்குமேல் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. நீங்கள் ஒரு சொல் சொன்னால் வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். தனியாக வந்திருக்கும் ஒரு பெண் சொன்னால் கேட்பதில்லை.

இந்த ஊரில் நான் ஒருத்தி மட்டும் இப்படி இல்லை. என் வேலையிடப் பேருந்தில் மட்டும், பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் நான்கு பெண்களும், மனைவியை இழந்த ஓர் அண்ணனும் வருகிறார்கள். இம்மடலை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். உங்களில் ஒருவர் வெள்ளிக்கிழமை இரவு மட்டுமாவது சோறு போட்டுப் பார்க்க முன்வந்தால், எத்தனை பெரிய இலை, எத்தனை சிறிய இலை என்று அன்று பிற்பகல் மூன்று மணிக்குள் தொலைபேசியில் சொல்லிவிடுவதாக அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சமைத்தது மிஞ்சும் என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். என் கணக்கில் பெரிய இலை இரண்டு, சிறிய இலை ஒன்று. மகனுக்கு இப்போதெல்லாம் முழுச் சாப்பாடு தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்,
சுங்கை சிப்புட், பேராக்.