பஞ்சுவை அனுப்புவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு நீ போனில் பேசியதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. உன் பூனை பஞ்சு மெத்தையை மூன்றாவது முறையாக நனைத்துவிட்டான் என்று சொன்னபோது உன் குரலில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகமாகத் தெரிந்தது. வேலை முடிந்து களைத்து வந்து, படுக்கலாம் என்று போர்வையை விலக்கினால் அந்த நாற்றம். யாருக்கும் பொறுமை போகத்தான் செய்யும். "வேற யார்கிட்டயாவது கொடுத்துடட்டுமாப்பா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றியதைக் கவனித்திருப்பாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

மற்றதைப் படிப்பதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிட்டு வா. பஞ்சு லிட்டர் பாக்ஸிலோ (அவன் போவதற்காக மண் போட்டு வைத்திருக்கும் அந்தப் பெட்டி) வேறு இடத்திலோ குந்தும்போது சிறுநீர் வருகிறதா? வந்தால் எவ்வளவு? அடிக்கடி போய்க் குந்துகிறான், முக்குகிறான், கத்துகிறான், ஆனால் ஒன்றும் வரவில்லை, இல்லை இரண்டு சொட்டுதான் வருகிறது என்றால், விடியட்டும் என்று காத்திருக்காதே. எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போ. கடுவன் பூனைக்குச் சிறுநீர் வெளியே வரும் குழாய் மிகவும் குறுகல். பொடிக் கற்களோ சளி மாதிரியான கட்டியோ அதில் அடைத்துக்கொண்டால் சிறுநீர் தேங்கும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், கடைசியில் இதயம் நின்றுபோகும். ஓரிரு நாளில் எல்லாம் முடிந்துவிடும். கருத்தடை செய்த கடுவனுக்கும் இது வரும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நம் பழைய பூனை செவலையை நாம் அப்படித்தான் இழந்தோம்.

நீ அப்போது ஐந்தாம் வகுப்பு. செவலைக்கு ஏதோ காய்ச்சல், அதனால் போய்விட்டான் என்று உன்னிடம் சொன்னோம். நடந்தது வேறு, அம்மாடி. சாகும் முன் ஒரு வாரமாக அவன் கண்ட இடத்தில் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தான். வாசல் மிதியடி, துவைக்கப் போட்ட என் சட்டை, அப்புறம் குளியலறைத் தரை. முந்தின வாரம் நாம் ஊருக்குப் போய் அவனைத் தனியாக விட்டோம் இல்லையா, அந்தக் கோபத்தைத்தான் காட்டுகிறான் என்று நான் நினைத்தேன். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். அவன் மூக்கை அந்த ஈரத்தின் அருகே கொண்டுபோய் அழுத்தி, சத்தம் போட்டு, ராத்திரி பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்தினேன். மூன்றாம் நாள் காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சிறுநீர்ப்பை கல்லு மாதிரி இருக்கு, எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று சாயங்காலமே போய்விட்டான். அவன் வலியை எங்களிடம் காட்ட அவனுக்கிருந்த ஒரே வழி அதுதான். அதற்கு நான் அடித்தேன்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்கவும் தெரிந்தவர்களிடம் கேட்கவும் ஆரம்பித்தேன். ஓய்வு பெற்ற பின் பூனைக் காப்பகத்துக்கு வாரம் இரண்டு நாள் போவதும் அதனால்தான். அங்கே வந்து சேரும் பூனைகளில் எத்தனையோ பூனைகள் 'வீட்டை அசிங்கம் செய்கிறது' என்று கொண்டுவந்து விடப்பட்டவை. பெட்டியையும் மண்ணையும் மாற்றிப் பார்த்தால் பல பூனைகள் சில நாளில் ஒழுங்காகப் போக ஆரம்பித்துவிடும். இதை அவர்கள் வீட்டிலேயே செய்திருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு கனக்கும்.

பஞ்சு நிறையவே போகிறான், மெத்தை தொப்பலாக நனைகிறது என்று நீ சொன்னதால் அடைப்பு இருக்காது என்று கொஞ்சம் தைரியமாக இருக்கிறேன். ஆனாலும் இந்த வாரமே டாக்டரிடம் காட்டிச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடு. அவனுக்கு நாலு வயதுதானே. இந்த வயதில் கிருமித் தொற்று அபூர்வம். காரணம் பிடிபடாமல் சிறுநீர்ப்பை வீங்கி எரியும் நோய்தான் அதிகம். அதற்கு மன அழுத்தம் ஒரு பெரிய தூண்டுகோல். அது பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும், அப்புறம் வீட்டில் ஏதாவது மாறும்போது திரும்ப வரும். அதனால் நடுவில் சரியாகிவிட்ட மாதிரி தெரிந்தால் ஏமாந்துவிடாதே. ஒன்றை மட்டும் மறக்காதே: வலி என்று நினைத்து உன் மாத்திரை எதையும் அவனுக்குக் கொடுத்துவிடாதே. நாம் சாதாரணமாகப் போடும் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையின் உயிரை எடுத்துவிடும்.

உடம்பில் குறையில்லை என்று தெரிந்துவிட்டால், அடுத்து அந்தப் பெட்டியைத்தான் பார்க்க வேண்டும். நீ சொன்னதையெல்லாம் ராத்திரி ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். போன மாதம் புது வீட்டுக்கு மாறினாய். உன் வேலை நேரம் மாறியது. வாசனை வெளியே வரக்கூடாது என்று மூடி போட்ட பெட்டி வாங்கினாய். கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அதை வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்தாய். மண்ணையும் பூ வாசனை உள்ளதாக மாற்றினாய். எல்லாமே நல்ல எண்ணத்தில் செய்தவைதான். ஆனால் பஞ்சுவுக்கு ஒரே மாதத்தில் ஐந்து மாற்றம்.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. 32 பூனைகளை 77 வாரம் கவனித்தார்கள். சிலவற்றுக்கு நான் மேலே சொன்ன அந்தச் சிறுநீர்ப்பை நோய், மற்றவை நல்ல ஆரோக்கியமான பூனைகள். உணவு வைக்கும் நேரம், பார்த்துக்கொள்ளும் ஆள் என்று வழக்கம் மாறிய வாரங்களில், நோயுள்ளவை மட்டும் இல்லை, ஆரோக்கியமானவையும் வாந்தி எடுத்தன, சரியாகச் சாப்பிடவில்லை, பெட்டிக்கு வெளியே போயின. நீ வீட்டுக்கு வரும் நேரம் மாறியது உனக்குச் சின்ன விஷயம். அவனுக்கு அது நாள் முழுவதையும் புரட்டிப்போட்ட மாதிரி.

அப்புறம் மூடி. மூடியுள்ள பெட்டியில் அமைதியாகப் போகும் பூனைகளும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூடிக்குள் நாற்றம் தங்கும், உள்ளே குந்தியிருக்கும்போது யார் வருகிறார்கள் என்று தெரியாது, ஓட ஒரே ஒரு வழிதான். அது போதாதென்று அவன் உள்ளே இருக்கும்போது ஒரு தடவை மெஷின் திடீரென்று அதிர்ந்து சுற்றியிருந்தால் கூடப் போதும், அந்த இடமே அவனுக்குப் பயமாகிவிடும். வலியும் அப்படித்தான். பெட்டியில் குந்தியபோது வலித்திருந்தால், இந்தப் பெட்டிதான் வலிக்க வைக்கிறது என்று அவன் மனதில் பதிந்துவிடும். நோய் குணமான பிறகும் சில பூனைகள் பழைய பெட்டியை ஒதுக்குவது இதனால்தான். எனவே மூடியைக் கழற்றுவதோடு நிறுத்தாதே. புதுப் பெட்டியே வாங்கு, புது இடத்தில் வை.

பெட்டி பெரிதாக இருக்கட்டும். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பஞ்சுவை அளந்து, அதில் ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். பூனைக்கென்று விற்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை இதற்குச் சின்னவை. துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கி ஒரு பக்கத்தை மட்டும் தாழ்வாக வெட்டி, விளிம்பைத் தேய்த்துவிட்டால் அருமையாக இருக்கும். காப்பகத்தில் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். ஒரு பூனைக்கு ஒரு பெட்டி போதும் என்று நினைப்போம், ஆனால் பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் கணக்கு. உனக்கு இரண்டு. இரண்டையும் ஒட்டி வைத்தால் அவனுக்கு அது ஒரே பெட்டி, அதனால் வேறு வேறு அறையில் வை. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். ஆள் நடமாட்டம் குறைந்த, ஆனால் அவன் சுற்றிலும் பார்க்க முடிகிற இடமாகப் பார்.

மண் விஷயத்தில் ஒரு பழைய கதை. முன்னெல்லாம் வீட்டுக்குள் வளர்க்கும் பூனைகளுக்கு மணலோ சாம்பலோதான் போடுவார்கள். 1947இல் அமெரிக்காவின் மிச்சிகனில் எட் லோ என்பவரிடம் பக்கத்து வீட்டுப் பெண் பூனைக்காக மணல் கேட்க வந்தார். அவர் மணலுக்குப் பதிலாகத் தன்னிடம் இருந்த, எண்ணெயை உறிஞ்சப் பயன்படும் களிமண் துகளைக் கொடுத்தார். அது நன்றாக உறிஞ்சியதால் அந்தப் பெண் திரும்ப வந்து அதையே கேட்டார். அப்படி ஆரம்பித்ததுதான் இந்த வியாபாரம். எனக்கு இதில் பிடித்தது, அன்றைக்கு அந்தப் பூனைக்கும் மண்தான் தேவைப்பட்டது என்பது. வீட்டுப் பூனைகளின் முன்னோர் ஆப்பிரிக்கக் காட்டுப் பூனைகள், வறண்ட நிலத்தில் தோண்டி மூடிப் பழகியவை. அதனால் கால்விரலுக்கு மெத்தென்று இருக்கும் பொடி மண்ணே பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்கிறது. பூ வாசனை நம் மூக்குக்காகச் சேர்ப்பது, அவற்றின் மூக்குக்கு அது தொல்லை. வாசனையில்லாத, நனைந்தால் கட்டியாகும் பொடி மண்ணை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போடு. சந்தேகமாக இருந்தால் இரண்டு பெட்டியிலும் இரண்டு விதமான மண்ணைப் போட்டு, எதில் அதிகம் போகிறான் என்று பார். அவனே சொல்லிவிடுவான்.

கட்டிகளைக் காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை கரண்டியால் எடுத்துவிடு. நாற்றம் வராமலிருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை, மூடியும் வாசனையும் தேவையே படாது. பெட்டியை அவ்வப்போது வாசனையில்லாத சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும்.

மெத்தையைச் சோப்பு போட்டுத் துடைத்ததாகச் சொன்னாய். சோப்பு உன் மூக்குக்குத்தான் போதும். சிறுநீரில் இருக்கும் யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது, காற்றில் ஈரம் ஏறும்போது திரும்ப மணக்கும், இதுதான் என் இடம் என்று அவன் மறுபடி வருவான். செல்லப் பிராணிகளின் கறைக்கென்றே என்சைம் கலந்த திரவம் கிடைக்கும். அதை மேலாகத் தெளிக்காமல், சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் நனையும்படி ஊற்றி, தானாகக் காயவிடு. அம்மோனியா கலந்த எதையும் தொடாதே, அவனுக்கு அதுவும் சிறுநீர் மாதிரிதான் மணக்கும். பிளீச்சும் வேண்டாம். சிறுநீரோடு கலந்தால் மூச்சை அடைக்கும் வாயு வரும், நெஞ்சு எரியும். சரியாகும் வரை படுக்கையறைக் கதவைச் சாத்தியே வை, மெத்தைக்கு நீர் இறங்காத உறை ஒன்று போடு.

திரைச்சீலையில் வாலைத் தூக்கி நடுக்கிக்கொண்டே பின்னால் பீய்ச்சுவதாக இருந்தால் அது எல்லை குறிப்பது, வேறு விஷயம். பஞ்சு குந்தித்தான் போகிறான் என்கிறாய், அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

இத்தனையும் செய்த பிறகும் மாறவில்லை என்றால், அவனை ஒரு சின்ன அறையில் சில நாள் வைத்திரு. தண்டனையாக நினைத்துச் செய்யாதே. ஒரு பக்கம் பெட்டி, எதிர்ப்பக்கம் சாப்பாடு, தண்ணீர், படுக்கை, ஏறி உட்கார ஓர் உயரமான இடம். நீ போய்ப் போய் அவனோடு உட்கார், விளையாடு. பெட்டியில் மட்டுமே போகிறான் என்று உறுதியானதும் ஒவ்வோர் அறையாகத் திறந்துவிடு. சில பூனைகளுக்கு ஒரு வாரம், சிலவற்றுக்கு ஒரு மாதம்கூட ஆகும். தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் விளையாடுவதை மட்டும் நிறுத்தாதே. உன் வேலை நேரம் மாறியதற்கு அதுதான் அவனுக்குக் கொஞ்சம் ஈடு.

வெளியே போனதைப் பார்த்தால் திட்டாதே, கண்ணு. அவனுக்கு அந்த ஈரமும் உன் கோபமும் ஒன்றோடொன்று சேராது. நீ வந்தால் பயப்பட வேண்டும் என்பதை மட்டும் கற்றுக்கொள்வான், அப்புறம் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து போவான். செவலையின் கடைசி இரண்டு நாள் நான் எந்த அறைக்குப் போனாலும் அவன் அங்கிருந்து எழுந்து போனான்.

உன்னால் முடியவில்லை என்று ஆகிவிட்டால், முன்பின் தெரியாத வீட்டுக்கு அவனை அனுப்பாதே. எனக்குச் சொல், நானே வந்து அழைத்துக்கொள்கிறேன். அம்மாவும் சரி என்றுவிட்டாள். அதற்காக உன்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இருக்காது, இதை நீ நம்ப வேண்டும். ஆனால் ஒரு மாதம் முயன்று பார்த்துவிட்டு முடிவு செய், அவ்வளவுதான் கேட்கிறேன்.

பெட்டி இப்போது இருக்கும் இடத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. புது மண் போட்ட நாளிலிருந்து, ஒவ்வொரு தடவை அள்ளும்போதும் எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது என்று குறித்து வை. நாளுக்கு இரண்டிலிருந்து நாலு கட்டி, அதுவும் எலுமிச்சம்பழம் அளவாவது இருந்தால் நல்லது. பொடிப்பொடியாக நிறைய இருந்தாலோ ஒரு நாள் முழுக்க ஒன்றுமே இல்லாவிட்டாலோ, முதலில் சொன்ன மாதிரி உடனே மருத்துவமனைக்குக் கிளம்பு, ராத்திரி இரண்டு மணியானாலும் என்னைக் கூப்பிடு. போனைத் தலைமாட்டில்தான் வைத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா