மேலூர் ஐயா கட்டிலிலிருந்து ஒரு நன்றி

ஆண்கள் வார்டில் அந்த வாரம் நைட் டூட்டி பார்த்த சிஸ்டர்களுக்கு,

வணக்கம். ஜன்னலோரக் கட்டில், மேலூர் ஐயா. அவருடைய மகன் எழுதுகிறேன். டிஸ்சார்ஜ் அன்று மருந்துச் சீட்டு, பில், மாட்டுத்தாவணிக்கு ஆட்டோ என்று ஓடியதில் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டோம்.

அப்பா வயிற்றுப்போக்கில் வற்றிப்போய் வந்து சேர்ந்தார். ஏற்கெனவே அட்டாக் வந்த நெஞ்சு. எங்கள் ஊரில் கையில் எது ஏறினாலும் குளுக்கோஸ்தான். அப்பாவுக்கு ஏற்றிய டிரிப்ஸ் உப்புத் தண்ணீர் என்பதே பாட்டிலைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

இரண்டாம் ராத்திரி செய்த தப்பு என்னுடையது. "எப்படா முடியும், பாத்ரூம் போகக்கூட விடமாட்டேங்குது" என்று அப்பா நச்சரித்தார். டியூபில் இருக்கும் சின்னச் சக்கரத்தை நானே தள்ளிவிட்டேன். சொட்டு மழை மாதிரி விழுந்தது. எனக்கு ஒரு திருப்தி வேறு.

அரை மணி நேரத்தில் சிஸ்டர் வந்தார். பாட்டிலில் பிளாஸ்டர் ஒட்டி மணிக்கணக்குக்குக் கோடு போட்டிருந்தார்; 11.30-க்கே தண்ணீர் 12 மணிக் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. முதலில் சக்கரத்தைக் குறைத்தார். அப்புறம் அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து மூச்சைக் கவனித்தார், பிரஷர் பார்த்தார், டூட்டி டாக்டருக்குப் போன் போட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "நீங்க தொட்டீங்களாண்ணே?"

தலையாட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். மருந்து அட்டையைத் திருப்பிப் பேனாவால் கணக்குப் போட்டார். 500 மில்லி, 8 மணி நேரம். இந்த டிரிப்ஸ் டியூபில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. அப்படியானால் நிமிடத்துக்கு 21. நான் விட்டது எண்பதுக்கு மேல். "ஐயாவுக்குத் தண்ணியும் வேணும், வேகமாப் போனா நெஞ்சும் தாங்காது. நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிடும்ணே." அட்டையையும் பேனாவையும் என் கையிலேயே கொடுத்து, அப்பா எவ்வளவு ஒன்றுக்குப் போகிறார் என்று எழுதி வைக்கச் சொன்னார். தப்பு செய்தவனுக்கு வேலை கொடுத்துவிட்டுப் போனார்!

அன்று ராத்திரி 28 கட்டிலுக்கு இரண்டே பேர். சொட்டைத் தானே அளந்து விடும் பம்ப் எல்லாம் ஐசியூவில்தான். இங்கே வாட்சைச் சொட்டுக்குப் பக்கத்தில் பிடித்து, உதடு அசைய எண்ணுவதுதான்.

விடிகாலை மூன்று மணி இருக்கும். இன்னொரு சிஸ்டர் லைட் போடாமலே வந்து, ஊசி போட்ட இடத்துக்கு மேலே விரலின் பின்பக்கத்தை வைத்தார். அடுத்த கையையும் அதே மாதிரி தொட்டார். ஊசி இருந்த கை ஜில்லென்று இருந்தது, லேசாக வீங்கியும் இருந்தது. தண்ணீர் நரம்பை விட்டு வெளியே போகிறதாம். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் கவனிக்கவில்லை. டிரிப்ஸை நிறுத்தி, ஊசியை எடுத்து, அந்தக் கையைத் தலையணை மேல் தூக்கி வைத்தார். அடுத்த கையில் புது வென்ஃப்ளான் ஊசி போட்டார். அப்பா பாதித் தூக்கத்தில், "மெதுவா தாயி" என்றார்.

வெந்நீர் கொண்டுவந்த ஆயாம்மாவுக்கும், நான் டீ குடிக்கப் போனபோது அப்பாவைப் பார்த்துக்கொண்ட பக்கத்துக் கட்டில் அக்காவுக்கும் நன்றி.

அப்பா இப்போது கஞ்சி குடிக்கிறார், திண்ணைவரை நடக்கிறார். சிஸ்டருடைய நீலப் பேனா என் சட்டைப் பையிலேயே வந்துவிட்டது. செக்கப்புக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.