புளி கடைசியில்தான்

அன்புள்ள மகளுக்கு,

சாம்பாரில் போட்ட உருளைக்கிழங்கு அரை மணி நேரம் கொதித்தும் நறுக்கென்றே இருந்ததாகச் சொன்னாய். அடுப்பின் மேல் சந்தேகம், கிழங்கின் மேல் சந்தேகம், ஜெர்மனித் தண்ணீர் மேல்கூடச் சந்தேகம் உனக்கு. முதலில் எதை ஊற்றினாய் என்று கேட்டேன். "புளித்தண்ணி" என்றாய். அதுதான் விஷயம். போனில் விளக்கினால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

காயின் செல்களை ஒட்டிப் பிடித்து வைத்திருப்பது பெக்டின். கொதிக்கும் தண்ணீரில் அது கரைந்தால்தான் காய் வேகும். புளிப்பு இருக்கும் தண்ணீரில் அது லேசில் கரையாது. பருப்புக்கும் அதே கதைதான். ஆகவே பருப்பைத் தனியாகக் குக்கரில் குழைய விடு. காயை வெறும் தண்ணீரில் மஞ்சளும் உப்பும் போட்டு முக்கால் பதம் வேகவிட்டு, அப்புறம் புளியைக் கரைத்து ஊற்று. பச்சை வாசனை போனதும் பருப்பைச் சேர். காய் உடையக் கூடாது என்றால் இதையே நாம் நமக்குச் சாதகமாக்கிக்கொள்கிறோம். புளிக்குழம்பில் வதக்கிப் போட்ட வெண்டைக்காய் இரண்டாம் நாளும் முழுசாக நிற்பது அதனால்தான்.

நாங்கள் ஸ்டுட்கார்ட் வந்திருந்தபோது ஒரு பருப்புச் சாப்பாடு வாங்கித் தந்தாயே, ஷ்பெட்ஸ்லெ என்கிற அந்த ஊர் முட்டை நூடுல்ஸோடு? உன் அம்மா ஊறுகாய் இல்லையே என்று முணுமுணுத்தாளே, அதுதான். அதில் அந்த ஊர்க்காரர்கள் வினிகர் ஊற்றுவார்கள். எப்போது தெரியுமா? பருப்பு வெந்த பிறகு, இறக்கப்போகும் சமயத்தில். பாளையங்கோட்டையில் புளிக்கு என்ன சட்டமோ அங்கே வினிகருக்கும் அதே சட்டம்.

நீ எப்போதும் எத்தனை ஸ்பூன் என்றுதான் கேட்கிறாய். அளவு கொஞ்சம் முன்னே பின்னே போனால் சாப்பிட்டுவிடலாம். வரிசை மாறினால்தான் வம்பு. தாளிப்பையே எடுத்துக்கொள். கடுகு முழுக்க வெடித்த பிறகு உளுத்தம்பருப்பு, அது பொன்னிறமாகும்போது வற்றல் மிளகாய், கடைசியில் பெருங்காயமும் கறிவேப்பிலையும். வெந்தயம் சிவந்தால் மணம், கறுத்தால் குழம்பு முழுக்கக் கசப்பு. நடுவில் போன் வந்தால் எடுக்காதே, நானே கூப்பிட்டாலும் சரி. புகை அலாரம் அடிக்கிறது என்றாயே, பெரிய வாணலியை விட்டுவிட்டுச் சின்னக் கரண்டியில் தாளி, கடுகு போட்டதும் ஒரு மூடியால் மூடு. ரசம் தளதளவென்று கொதிக்கவே கூடாது. நுரை கட்டி விளிம்புக்கு வரும்போது இறக்கிவிடு. அதற்கு மேல் கொதித்தால் மிளகு சீரக மணமெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத்தான்.

வேலை முடிந்து வந்து நிற்கத் தெம்பில்லாத நாளுக்கு உளுந்தம்பருப்புச் சோறு இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து நாலரைக்கு வந்துவிடுவேன், அம்மா பேங்கிலிருந்து வர ஏழாகும். அந்த நாட்களில் நம் வீடு ஓடியது பாதி இதில்தான். தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து அரை டம்ளர் எடுத்து, வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறு. ஒரு டம்ளர் அரிசியோடு சேர்த்துக் கழுவு. பத்துப் பல் பூண்டு, ஒரு ஸ்பூன் சீரகம், அரை ஸ்பூன் வெந்தயம், ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், உப்பு. நாலு டம்ளர் தண்ணீர் ஊற்றி நாலு விசில். பூண்டை உரிக்கச் சோம்பல்பட்டுக் குறைத்துவிடாதே, அதற்காகத்தான் இந்தச் சோறே. பிரஷர் இறங்கியதும் நல்லெண்ணெய் ஊற்றிக் கிளறு.

கூட எள்ளுத் துவையல் கட்டாயம். திருநெல்வேலிக்காரி அது இல்லாமல் இந்தச் சோற்றைச் சாப்பிட்டாள் என்று வெளியே தெரியக் கூடாது. கறுப்பு எள்ளைக் குறைந்த தீயில் வறுத்தால் படபடவென்று பொரியும். சத்தம் அடங்க ஆரம்பித்ததும் உடனே ஒரு தட்டில் கொட்டிவிடு. வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கருகும். அப்புறம் வற்றல் மிளகாய், தேங்காய், ஒரு பல் பூண்டு, துளிப் புளி, உப்பு. கெட்டியாக அரை. உளுந்து சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்காது, இலங்கைத் தமிழர் கடையில் கேள். கறிவேப்பிலையும் அங்கேயே வாங்கி, ஈரம் போகத் துடைத்து டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வை.

மாவு பொங்கவில்லை என்ற புகாருக்கு வருகிறேன். கையால் கலக்காததால்தான் பொங்கவில்லை என்கிறாள் அம்மா. அவளிடம் நான் வாதாடுவதில்லை, நீயும் கையாலேயே கலந்துவிடு. ஆனால் மாவைப் பொங்கவைக்கும் பாக்டீரியா உளுந்திலேயே இருக்கிறது. அதற்கு வேண்டியது 30 டிகிரி அளவுக்கு ஒரு வெதுவெதுப்பு. ஓவனைச் சூடாக்காமல் உள்ளே விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை வைத்துக் கதவைச் சாத்து. ராத்திரி முழுக்க வைத்தும் எழும்பாவிட்டால் இன்னும் நாலைந்து மணி நேரம் பொறு. சோடா உப்பைத் தேடி ஓடாதே.

ஸ்லோ குக்கர் வாங்கியிருக்கிறாயாம். வைத்துக்கொள், ஆனால் ராஜ்மாவை நேராக அதில் போடாதே. சரியாக வேகாத சிவப்பு ராஜ்மாவில் வயிற்றைப் புரட்டிப்போடும் ஒரு நச்சு உண்டு, அந்த இளஞ்சூட்டில் அது போகாது. ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நம் குக்கரிலேயே நன்றாக வேகவை. இதில் மட்டும் உன் சோதனை எல்லாம் வேண்டாம்.

அடுத்த மாதம் எதிர்வீட்டுப் பையன் அங்கே வருகிறான். ஒரு பொட்டலம் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். மோர்மிளகாயா, சுண்டவற்றலா, எது வேண்டும் என்று எழுது. இரண்டும் என்று எழுதாதே, அவன் பெட்டியில் அவன் அம்மா ஏற்கெனவே முறுக்கு அடுக்கிவிட்டாளாம்.

அன்புடன்,
அப்பா