பவுடரின் துகள் அளவையும் சொல்லியிருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோயாளிகளுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொள்வது பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை, நீரை வடித்தபின் டால்க் பவுடரைச் செலுத்தி நுரையீரலின் இரு உறைகளையும் ஒட்டவைக்கும் சிகிச்சையைப் 'பாதுகாப்பானது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்றவன், இதே சிகிச்சையின்போது அக்காவின் கட்டிலருகே நின்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

டால்க் ஒரு மக்னீசியம் சிலிகேட் கனிமம். 1935இல் கனடா மருத்துவர் நார்மன் பெத்யூன் கையாண்ட நாளிலிருந்து நிலைத்திருக்கும் பொருள் இது. நன்றாக ஒட்டவைக்கும், விலையும் குறைவு. சிக்கல் துகளின் அளவில் இருக்கிறது. மிக நுண்ணிய துகள்கள் உறையில் தங்காமல் நிணநீர்ப் பாதை வழியே ரத்தத்தில் கலந்து, மறுபக்க நுரையீரலிலும் அழற்சியை உண்டாக்கக்கூடும். பலவகைத் துகள்கள் கலந்த டால்க்கைவிட, நுண்துகள் நீக்கிய டால்க் ரத்த ஆக்சிஜனைக் குறைவாகவே பாதிக்கிறது என்று 2004இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. 2007இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வில், பெரிய துகள் டால்க் பெற்ற 558 பேரில் ஒருவருக்கும் ஏ.ஆர்.டி.எஸ். என்னும் கடும் நுரையீரல் பாதிப்பு வரவில்லை.

அக்காவுக்கு மும்பையில் ஒரு மருத்துவமனையில் 4 கிராம் டால்க்கை உப்புநீரில் கலக்கி, மார்புக் குழாய் வழியே செலுத்தி, குழாயை ஒரு மணி நேரம் அடைத்துவைத்தார்கள். அன்றிரவு காய்ச்சல் வந்தது. 'பவுடர் போட்டால் வரத்தான் செய்யும்' என்றார்கள், அது உண்மையும்கூட. ஆனால் விடிவதற்குள் விரலில் மாட்டியிருந்த கருவியில் ரத்த ஆக்சிஜன் அளவு 95 சதவீதத்திலிருந்து 84க்கு இறங்கியபோதுதான் ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். மறுநாள் பவுடர் பொட்டலத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கிருமிநீக்கம் செய்தது என்று இருந்ததே தவிர, துகள் அளவு இல்லை. ஆகவே பவுடர்தான் காரணமென்று என்னாலும் அடித்துச் சொல்ல முடியாது, இல்லையென்று அவர்களாலும் சொல்ல முடியாது.

ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலும் மராத்தியிலும் இருந்தது. இரண்டும் படிக்கத் தெரியாத அக்கா தமிழில் கையெழுத்துப் போட்டார். உறைகளை ஒட்டவைக்கப் பயன்படும் வேறு மருந்துகளான பொவிடோன் அயோடின், டாக்சிசைக்ளின், வீட்டிலேயே வடித்துக்கொள்ளும் நிரந்தரக் குழாய் என மாற்றுவழிகள் இருப்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பவுடர் வாங்கும்போதே துகள் அளவுச் சான்றை மருத்துவமனைகள் கேட்க வேண்டும். சிகிச்சைக்குப் பின் மூன்று நாட்கள் மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் கவனிக்கும்படி நோயாளியின் வீட்டாரிடம் அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும். தங்கள் கட்டுரையாளர் ஒரு திருத்தக் குறிப்பில் இவற்றைச் சேர்த்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
மாட்டுங்கா, மும்பை.